ஆமூனின் பூசாரிகள் உண்மையிலேயே அரியணையைப் பறித்தார்களா?

பதிவு 1
கருங்கல்

பொதுவான வரலாற்று நூல்களில் பண்டைய எகிப்தின் புதிய அரசுக் காலம் (ஏறத்தாழ கி.மு. 1550–1070) முடிவடைந்த விதம் பெரும்பாலும் இரண்டே வரிகளில் சொல்லி முடிக்கப்படுகிறது. ராமேசஸ் என்ற பெயருடைய அரசர்கள் ஒருவர்பின் ஒருவராக வலுவிழந்தார்கள்; தென் எகிப்தின் தீப்ஸ் நகரில் ஆமூன் கடவுளின் தலைமைப் பூசாரிகள் செல்வம் சேர்த்து, இறுதியில் தாங்களே அரசர்களானார்கள் என்பதே அந்தச் சித்திரம். அதை அடுத்து வந்த இருபத்தோராம் அரச மரபைப் பற்றித் தொடர்ந்து படித்துவரும் எனக்கு, இது பாதி உண்மையைக்கூடச் சொல்லவில்லை என்ற ஐயம் வலுத்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வழக்கமான கருத்துக்கு ஆதரவாக முதலில் காட்டப்படுவது, மூன்றாம் ராமேசஸின் ஆட்சி முடிவில் எழுதப்பட்டு இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும், 40 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஹாரிஸ் பாப்பிரஸ் சுருள். ஆமூனின் உடைமையாக 86,486 ஆட்களும், 421,362 கால்நடைகளும், 83 கப்பல்களும், 65 ஊர்களும், நம் கணக்கில் ஏறத்தாழ 2,300 சதுர கிலோமீட்டருக்கும் மிகுந்த விளைநிலமும் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றன. இவ்வளவு சொத்துள்ள கோயில் அரசனை விழுங்காமல் வேறு என்ன செய்யும் என்று கேட்பார்கள். ஆனால் சொத்து இருந்தது என்பதும், பூசாரிகள் அரசைப் பறித்தார்கள் என்பதும் ஒன்றாகுமா? உறுப்பினர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதிவு 2
தோணித்துறை

ஹாரிஸ் சுருளின் எண்களைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கை தேவை, ஐயா. அந்தக் கணக்கில் பெரும்பகுதி மூன்றாம் ராமேசஸ் தமக்கென மெதினெத் ஹாபுவில் எழுப்பிய நினைவுக் கோயிலைச் சேர்ந்தது. ஏட்டில் அது ஆமூனின் சொத்து. நடைமுறையிலோ அரசன் நிறுவிய, அரசனின் அதிகாரிகள் கணக்குப் பார்த்த அறக்கட்டளை. தீப்ஸின் மேற்குக் கரையில் கல்லறைத் தொழிலாளருக்கான தானியம்கூட இத்தகைய கோயில் களஞ்சியங்களிலிருந்து வந்ததைப் பார்க்கும்போது, கோயிலும் அரசும் எதிரெதிரே நின்ற இரண்டு கருவூலங்கள் என்ற எண்ணமே தவறானது என்று படுகிறது.

இருந்தாலும் பூசாரிக் குடும்பத்தின் உயர்வை நான் மறுக்கவில்லை. நான்காம் ராமேசஸ் காலத்தில் பதவிக்கு வந்த ராமேசஸ்நக்த்துக்குப் பிறகு அவருடைய மகன் அமென்ஹோதெப் தலைமைப் பூசாரியானார். தீப்ஸில் ஆமூனின் பெருங்கோயிலான கர்னாக்கில் இந்த அமென்ஹோதெப் ஒன்பதாம் ராமேசஸுக்கு எதிரில் அரசனுக்குச் சமமான உயரத்தில் தம் உருவத்தைச் செதுக்கச் செய்திருக்கிறார். மன்னன் முன்னால் மற்ற எல்லோரும் சிறியவராகவே காட்டப்பட வேண்டும் என்பது இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கமாக இருந்த நாட்டில், இது சாதாரணச் செய்தியன்று.

பதிவு 3
மணல்மேடு

அந்தச் சம உயரத்துப் பூசாரிக்கு அடுத்து என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதினோராம் ராமேசஸ் காலத்தில் அமென்ஹோதெப் பல மாதங்கள் பதவியிலிருந்து ஒடுக்கி வைக்கப்பட்டார். அந்தக் குழப்பத்தில், எகிப்துக்குத் தெற்கே நூபியாவிலுள்ள குஷ் நாட்டின் ஆளுநராகிய பனெஹெசி நூபியப் படையுடன் தீப்ஸுக்குள் நுழைந்தார். பின்னர் அவரையே பகைவர் என்று அறிவித்து நூபியாவுக்குத் துரத்தினார்கள். அரசனின் 19-ஆம் ஆட்சியாண்டில் ‘பிறப்புகளின் மறுதொடக்கம்’ என்ற பெயரில் புதிய ஆண்டுக் கணக்குத் தொடங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது: பூசாரிகளின் பரம்பரை அமென்ஹோதெப்போடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அவருக்குப் பிறகு தலைமைப் பூசாரி என்ற பட்டத்துடன் நாம் பார்க்கும் ஹெரிஹோரும் பியான்கும் படைத்தலைவர்கள். வாளோடு வந்தவர்கள் பூசாரியின் பட்டத்தையும் அணிந்துகொண்டார்கள். ஆகவே இந்த இழையின் தலைப்பிலேயே எழுவாய் தவறாக இருக்கிறது என்பேன்.

பதிவு 4
கருங்கல்

எழுவாய் பற்றிய குறிப்பு கூர்மையானது. ஆனால் ஹெரிஹோர் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கர்னாக்கிலுள்ள கோன்சு கோயிலின் தூண் மண்டபத்தில் அவர் பதினோராம் ராமேசஸின் ஊழியராக, தலைமைப் பூசாரியாக நிற்கிறார். அதே கோயிலின் முன்முற்றத்திலோ அரச முடியுடன், அரசருக்குரிய நீள்வட்டச் சட்டத்துக்குள் தம் பெயர் பொறிக்கப்பட்டிருக்க, அரசராகவே காட்சியளிக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அரசர்கள் முடிசூடும்போது ஏற்கும் பெயர் இருக்க வேண்டிய சட்டத்துக்குள் அவர் வைத்துக்கொண்ட பெயரே ‘ஆமூனின் தலைமைப் பூசாரி’ என்பதுதான். பதவிப் பெயரையே அரசப் பெயராக்கிக்கொண்ட மனிதரைப் படைத்தலைவர் என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

பதிவு 5
மணல்மேடு

முடியும் என்றே நினைக்கிறேன். சட்டத்துக்குள் அந்தப் பெயர் கோன்சு கோயிலிலும் வேறு சில பொருள்களிலும் மட்டுமே வருகிறது. கோயில் சுவருக்குள் அரசர். வெளியே அன்றாட ஆவணங்களில் ஆண்டுக் கணக்கு அவர் பெயரால் ஓடவில்லை. அவருடைய பிள்ளைகளின் பட்டியலில் லிபியப் பெயர்கள் சில இருப்பதையும் பாருங்கள். இவர்கள் பழைய தீப்ஸ் பூசாரிக் குலத்தவர் அல்லர். பல தலைமுறைகளாக எகிப்தின் படையில் குடியேறியிருந்த லிபியரோடு உறவுடைய குடும்பம் என்று எண்ண இடமிருக்கிறது.

பதிவு 6
ஏட்டுச்சுவடி

பேச்சு கல்வெட்டுகளைச் சுற்றியே நடக்கிறது. கல்லில் யாரும் உண்மை பேசுவதில்லை. கடிதத்தில்தான் சில நேரம் பேசுகிறார்கள். ஆகவே பியான்கின் கடிதங்களுக்கு வருகிறேன்.

பனெஹெசியோடு போரிட நூபியாவுக்குப் போயிருந்த பியான்க், தீப்ஸில் இருந்த கல்லறை எழுத்தர் துத்மோஸுக்கும், பெருமாட்டி நொட்ஜ்மெத்துக்கும், இன்னொருவருக்கும் ஒரே செய்தியுள்ள மூன்று கடிதங்களை அனுப்பினார். காவலர் இருவர் சொல்லக்கூடாத ஏதோ ஒன்றைப் பேசித் திரிகிறார்கள். அவர்களை வரவழைத்து விசாரியுங்கள். சொன்னது உண்மையென்று தெரிந்தால் இருவரையும் கூடைகளில் இட்டு, நாட்டில் ஒருவருக்கும் தெரியாமல், இரவில் ஆற்றில் எறிந்துவிடுங்கள் என்பதே செய்தி. துத்மோஸுக்கு எழுதியதில் இன்னொரு கேள்வியும் வருகிறது: பார்வோன் இந்த நாட்டை எப்படி வந்தடையப் போகிறார், இன்னும் அவர் யாருக்குத் தலைவர்?

மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு படிக்கும்போதும் அந்த அலட்சியம் சுடுகிறது. அரசனை வீழ்த்தியதாக இவர் எங்கும் அறிவிக்கவில்லை. அறிவிக்கத் தேவையும் இருக்கவில்லை.

கூடுதலாக ஒன்று. ஹெரிஹோருக்குப் பிறகு பியான்க் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1992-இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் யான்சன்-விங்கெல்ன் அந்த வரிசையைத் தலைகீழாக்கி, பியான்கே முந்தியவர் என்று வாதிட்டார். இரு தரப்பும் இன்றும் பிரிந்தே நிற்கின்றன. நொட்ஜ்மெத் ஹெரிஹோரின் மனைவி என்பது உறுதி. அவர் முதலில் பியான்கின் மனைவியாக இருந்தாரா என்பது இந்த வரிசையைப் பொறுத்தே மாறும்.

பதிவு 7
தோணித்துறை

கடிதங்கள் என்றதும் வெனமூனின் பயணக் கதையைச் சேர்க்காமல் இருக்க முடியவில்லை. ஆமூனின் புனிதப் படகுக்குத் தேவதாரு மரம் வாங்குவதற்காகத் தீப்ஸிலிருந்து இன்றைய லெபனான் கரையிலுள்ள பிப்லோஸுக்கு அனுப்பப்பட்ட கோயில் ஊழியர் அவர். எல் ஹிபாவில் கிடைத்து, 1891-இல் ரஷ்ய அறிஞர் கோலெனிஷ்சேவ் கெய்ரோவில் வாங்கிய பாப்பிரஸ் அது. இப்போது மாஸ்கோவில் இருக்கிறது. நடந்ததன் அறிக்கையா புனைவா என்ற வாதம் ஓயவில்லை. புனைவாகவே இருக்கட்டும், எழுதியவர் தம் காலத்து அரசியலை நன்கு அறிந்தவர்.

போகும் வழியில் தோர் துறைமுகத்தில் கப்பல் ஊழியன் ஒருவன் வெனமூனிடமிருந்த 5 தெபென் தங்கத்தையும் 31 தெபென் வெள்ளியையும் திருடிக்கொண்டு ஓடிவிடுகிறான். ஒரு தெபென் ஏறத்தாழ 91 கிராம். அதாவது, உலகப் பேரரசாக இருந்த எகிப்தின் தலைமைக் கடவுளுக்கு மரம் வாங்க எடுத்துச் சென்ற முதல், அரைக் கிலோகூட இல்லாத தங்கமும் மூன்று கிலோவை எட்டாத வெள்ளியும்தான். பிப்லோஸின் மன்னர் ஜக்கர்பால், உன் முன்னோர் பணம் கொடுத்துத்தான் வாங்கினார்கள் என்று கணக்கேட்டை எடுத்துக் காட்டுகிறார். பிறகு வடக்கே நைல் கழிமுகத்திலுள்ள தானிஸ் நகரிலிருந்து ஆட்சி நடத்திய ஸ்மெண்டிஸும் தெந்தாமூனும் தங்கம், வெள்ளி, மெல்லிய துணி ஆகியவற்றோடு 500 பாப்பிரஸ் சுருள், 500 மாட்டுத் தோல், 500 கயிறு, 20 மூட்டை அவரை வகைப் பயறு, 30 கூடை மீன் என்று அனுப்பிவைத்த பின்பே 300 ஆட்களும் 300 எருதுகளும் மரம் வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள்.

இந்தக் கதையில் ஆளும் பார்வோன் ஒருவருமே பெயர் சொல்லப்படவில்லை. ‘ஆமூனே எனக்கு ஆண்டவர்’ என்ற தொனியில்தான் வெனமூன் வாதிடுகிறார். என் கருத்தில் இந்த இழைக்கான விடை இங்கேதான் இருக்கிறது. அரசு பூசாரிக்குப் போகவில்லை, ஆமூனுக்குப் போயிற்று. அந்த ஆமூனின் பெயரால் பேசும் உரிமை யாரிடம் இருந்தது என்பதுதான் கேள்வி.

பதிவு 8
நெய்தல்வாசி

இழையை இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கடவுள் ஆண்டார் என்பது பட்ட வரிசையில் வரும் அலங்காரச் சொல்லா, அல்லது நடைமுறையில் அதற்குப் பொருள் இருந்ததா? யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதிவு 9
ஏட்டுச்சுவடி

நடைமுறையில் பொருள் இருந்தது, நண்பரே. ஆமூனின் திருவுருவம் மூடிய சிறு மாடத்துக்குள், படகு வடிவப் பல்லக்கில் பூசாரிகளின் தோள்மேல் புறப்படும். கேள்வி முன்வைக்கப்படும். படகு முன்னோக்கி அசைந்தால் சம்மதம், பின்வாங்கினால் மறுப்பு. பழைய அரசர்களும் இதைக் கையாண்டதுண்டு. இருபத்தோராம் மரபிலோ நியமனங்கள், களவு வழக்குகள், சொத்துரிமை, நாடுகடத்தல் எல்லாமே இந்த அசைவுக்கு வந்துவிட்டன.

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள ‘நாடுகடத்தல் கல்’ நல்ல சான்று. தலைமைப் பூசாரி மென்கெபெர்ரே தீப்ஸில் எழுந்த கலகத்தை அடக்கத் தெற்கே வருகிறார். பிறகு, பாலைவனச் சோலைக்குத் துரத்தப்பட்டவர்களைத் திரும்ப அழைக்கலாமா என்று ஆமூனிடம் கேட்கப்படுகிறது. கடவுள் இசைகிறார். இனி எவரும் அங்கே துரத்தப்படக் கூடாது என்ற ஆணைக்கும் இசைகிறார்; ஆனால் கொலை செய்தவரைக் கொல்லலாம் என்பதற்கும் சேர்த்தே இசைகிறார். பொது மன்னிப்பு வழங்கிய பெருமை கடவுளுக்கு. தண்டிக்கும் அதிகாரம் மென்கெபெர்ரேயிடமே நின்றது. சுமப்பவர்கள் யாருடைய ஆட்கள் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தமான ஆவணம் ஒன்று உண்டு. இரண்டாம் பினெட்ஜெம் என்ற தலைமைப் பூசாரியின் மனைவி நெஸ்கோன்ஸ், கணவருக்கு முன்பே இறந்துபோனார். அவர் இறந்த பிறகு ஆமூன் பிறப்பித்த நீண்ட ஆணையில், நெஸ்கோன்ஸுக்கு மறுமையில் தெய்வ நிலை தரப்படுகிறது. கூடவே, அவர் இறந்த நிலையிலிருந்து தம் கணவர் பினெட்ஜெமின் ஆயுளைக் குறைக்கும் எந்தத் தீங்கையும் செய்யாதபடி அவர் மனத்தைத் திருப்புவதாகவும் கடவுள் உறுதி கூறுகிறார். அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடிகிறதா?

பதிவு 10
கருங்கல்

நெஸ்கோன்ஸின் பட்டங்களில் குஷ் நாட்டின் ஆளுநர் என்பதும் ஒன்று. பனெஹெசி படை நடத்திய அதே பதவி, நூபியா கைநழுவிய பிறகு ஒரு பெருமாட்டியின் வெற்றுப் பட்டமாக மிஞ்சியிருக்கிறது. அதையும் குறிப்பில் சேர்த்துக்கொள்வோம்.

தோணித்துறை சொன்னதை நான் பெருமளவு ஏற்கிறேன். ஆனால் தானிஸையும் தீப்ஸையும் இரண்டு போட்டி அரசுகளாக எண்ணிவிடக் கூடாது. முதலாம் பினெட்ஜெம் தலைமைப் பூசாரியாகத் தொடங்கி, பிறகு அரசப் பட்டம் ஏற்றவர். அவருடைய மகன்களில் மசஹர்தாவும் மென்கெபெர்ரேயும் தீப்ஸில் தலைமைப் பூசாரிகள். இன்னொரு மகன் முதலாம் சூசென்னஸ் தானிஸில் பார்வோன். அந்தச் சூசென்னஸும் ‘ஆமூனின் தலைமைப் பூசாரி’ என்று தம்மை அழைத்துக்கொண்டார். ஒரே குடும்பம் நாட்டை வடக்கும் தெற்குமாகப் பங்கிட்டுக்கொண்டது. இரு வீட்டிலும் ஒரே கடவுள்.

பதிவு 11
மணல்மேடு

குடும்பம் என்பது சரி. அந்தக் குடும்பத்தின் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி இதுவரை எவரும் வாய் திறக்கவில்லை. நூபியாவின் தங்கம் போய்விட்டது. வெளிநாட்டுத் திறையும் நின்றுவிட்டது. மிச்சமிருந்த சுரங்கம், தீப்ஸின் மேற்கே பழைய மன்னர்களைப் புதைத்த அரசர் பள்ளத்தாக்கு.

ஒன்பதாம் ராமேசஸ் காலத்துக் கல்லறைக் கொள்ளை வழக்குகள் பலருக்கும் தெரியும். கிழக்குத் தீப்ஸின் நகரத் தலைவர் பாசெர், மேற்குத் தீப்ஸின் பவெரா மீது குற்றம் சாட்டியதும், 17-ஆம் மரபின் சொபெகெம்சாஃப் அரசரின் கல்லறையை உடைத்தவர்கள் உடலிலிருந்த தங்கத்தை உரித்த கதையும் பாப்பிரஸ்களில் இருக்கின்றன. அவர்கள் சின்னத் திருடர்கள். பெரிய வேலை அதற்குப் பிறகு, முத்திரையோடும் எழுத்தரோடும் நடந்தது. முந்நாள் பெரியோரின் கல்லறைகளில் ஒன்றைத் திறந்து, தாம் வரும்வரை அதன் முத்திரையைக் காத்து வையுங்கள் என்று பியான்க், எழுத்தர் துத்மோஸின் மகன் புதெஹாமூனுக்கும் தொழிலாளருக்கும் எழுதிய ஆணை கிடைத்திருக்கிறது. போர்க்களத்திலிருந்து ஒரு தளபதி கல்லறையைத் திறக்கச் சொல்வது வழிபாட்டுக்காக இருக்காது.

புதெஹாமூன் பின்னர் முதலாம் பினெட்ஜெம் காலத்தில் மூன்றாம் ராமேசஸ் உட்படப் பழைய அரசர்களின் உடல்களை மீண்டும் துணி சுற்றி ‘புதுப்பித்ததாக’ மையெழுத்துக் குறிப்புகள் சொல்கின்றன. புதுப்பிக்கப்பட்ட அந்த உடல்களில் தங்கம் மிஞ்சவில்லை. மூன்றாம் துத்மோஸின் சவப்பெட்டியில் பொன் தகடு செதுக்கி எடுக்கப்பட்ட தடங்கள் இன்றும் தெரிகின்றன. முதலாம் துத்மோஸின் சவப்பெட்டியை முதலாம் பினெட்ஜெம் தமக்கே திருத்தி அமைத்துக்கொண்டார். இதற்கு நாம் வைக்கும் பெயர் பக்தியா, கொள்ளையா?

பதிவு 12
தோணித்துறை

இரண்டும் என்றுதான் சொல்வேன், மணல்மேடு. பொன்னை எடுத்தார்கள், ஆனால் உடலை எறியவில்லை. ஒவ்வொருவரையும் பெயர் எழுதி, இடம் மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் இரண்டாம் பினெட்ஜெமின் குடும்பக் கல்லறையில் மறைத்தார்கள். 1881-இல் அப்துல் ரசூல் குடும்பத்தாரிடமிருந்து செய்தி கசிந்து, எமீல் புரூக்ஷும் அகமது கமாலும் டெய்ர் எல் பஹ்ரி அருகே அந்தக் குழிக்குள் இறங்கியபோது முதலாம் சேத்தி, இரண்டாம் ராமேசஸ், மூன்றாம் துத்மோஸ் எல்லோரும் ஒன்றாகக் கிடந்தார்கள். அந்தப் பூசாரி அரசர்கள் அப்படிச் செய்திருக்காவிட்டால் இன்று கெய்ரோவில் காண இரண்டாம் ராமேசஸின் முகம் இருந்திருக்காது. பொன் இல்லாத உடலைத் திருடன் தேடி வரமாட்டான் என்ற கணக்கும் அவர்களுக்குள் இருந்திருக்கலாம்.

பதிவு 13
மணல்மேடு

காவல் காத்த கூலி சற்று மிகுதி. தானிஸில் பியேர் மோந்தே 1940-இல் திறந்த முதலாம் சூசென்னஸின் கல்லறைக்குள் வெள்ளிச் சவப்பெட்டியும் பொன் முகமூடியும் கொள்ளையர் கைபடாமல் இருந்தன. வெளியிலிருந்த இளஞ்சிவப்புக் கருங்கற்பேழை அரசர் பள்ளத்தாக்கில் மெர்நெப்தாவுக்காகச் செய்யப்பட்டது. பெயரை அழித்துச் சூசென்னஸின் பெயரை வெட்டியவர்கள், இடைவாரில் ஓரிடத்தில் மட்டும் மெர்நெப்தாவின் பெயரை விட்டுவைத்தார்கள். ஆறு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ஆற்றுவழியே அவ்வளவு எடையுள்ள கல்லைக் கொண்டுபோனது இரவுத் திருட்டாக இருந்திருக்க முடியாது.

பதிவு 14
நெய்தல்வாசி

தானிஸ் ராமேசஸ் கட்டிய நகரம் என்று படித்திருக்கிறேனே? அங்கே இரண்டாம் ராமேசஸின் சிலைகளும் தூண்களும் நிறைய இருக்கின்றனவே.

பதிவு 15
கருங்கல்

மோந்தேயும் அப்படித்தான் நம்பினார். ஆகவே வெட்கப்பட வேண்டாம். ராமேசஸின் தலைநகர் பி-ராமேசஸ் இருந்த இடம் இன்றைய கந்தீர். அதையொட்டி ஓடிய நைல் கிளை தூர்ந்தபோது, இருபத்தோராம் மரபினரும் பின்வந்தோரும் சிலைகளையும் கல்தூண்களையும் அப்படியே தானிஸுக்கு இழுத்து வந்தார்கள். மோந்தே கண்டெடுத்தது இரண்டாம் முறை வாழ்ந்த கற்களை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் கண்டுபிடிப்பு நிகழ்ந்ததால், துட்டன்காமூனுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூடச் சூசென்னஸுக்குக் கிடைக்கவில்லை.

பதிவு 16
ஏட்டுச்சுவடி

அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்றால் சொல்கிறேன். கி.மு. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி லிபியக் குடும்பத்தைச் சேர்ந்த முதலாம் ஷோஷெங்க் அரியணை ஏறினார். தமிழ் வேதாகமத்தின் 1 இராஜாக்கள் பகுதியில் எருசலேமுக்கு வந்த சீஷாக் இவரே என்பது பெரும்பாலோர் கருத்து. தீப்ஸின் தலைமைப் பூசாரி பதவி தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதை அவர் நிறுத்தி, தம் மகன் இயுபுத்தை அங்கே அமர்த்தினார். மருந்து சில தலைமுறைகளே வேலை செய்தது. அரச குமாரர்களே பூசாரிகளாக இருந்தால், பூசாரியின் கலகம் என்பது அண்ணன் தம்பிச் சண்டையாகிவிடும் அல்லவா? இரண்டாம் ஒசோர்கோன் தானிஸில் வைத்த சிலையில், தம் பிள்ளைகளைப் பதவிகளில் நிலைநிறுத்தும்படியும் உடன்பிறந்தோர் ஒருவர்மேல் ஒருவர் பொறாமை கொள்ளாதிருக்கும்படியும் ஆமூனை வேண்டிக்கொண்டிருக்கிறார். வேண்டுதல் பலிக்கவில்லை. சில பத்தாண்டுகளில் இரண்டாம் டாகெலோத்தின் மகனான தலைமைப் பூசாரி ஒசோர்கோன் தீப்ஸை மீட்கப் பலமுறை படையெடுத்தார். பிடிபட்ட கலகக்காரரை எரித்ததைக் கர்னாக்கின் வாயிற்சுவரில் அவரே பெருமையாகப் பொறித்து வைத்திருக்கிறார். பூசாரி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் உருவத்துக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பதிவு 17
தோணித்துறை

உண்மையான பூசாரி மனப்பான்மையைப் பார்க்க வேண்டுமானால் பின்னர் தெற்கிலிருந்து எகிப்தின்மேல் படையெடுத்து வந்த நூபிய அரசர் பியேயைப் பார்க்க வேண்டும். தம் படையினர் கர்னாக்கை அடைந்ததும் வில்லைக் கீழே வைத்து, ஆற்றில் குளித்து, தூய துணி உடுத்த வேண்டும் என்று கட்டளையிட்டவர் அவர். வென்ற பிறகு சரணடைய வந்த வடநாட்டு அரசர்களில் மூவர் விருத்தசேதனம் செய்யாதவர்கள், மீன் உண்பவர்கள் என்பதால் அரண்மனைக்குள் விடப்படவில்லை; நிம்லோத் ஒருவருக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. ஆமூனின் தூய்மையை எகிப்தியருக்குப் பாடம் எடுத்தவர் நூபியாவில் ஆமூன் கோயில் இருந்த ஜெபெல் பர்கலிலிருந்து வந்தார். பூசாரிகள் அவரை வரவேற்றதில் வியப்பில்லை.

பதிவு 18
நெய்தல்வாசி

அப்படியானால் இந்தத் தலைமைப் பூசாரிப் பதவியின் பிடி எப்போதுதான் தளர்ந்தது? படைத்தலைவர், அரச குமாரர் என்று யாரை அமர்த்தினாலும் தலைவலியாகவே இருந்திருக்கிறதே.

பதிவு 19
கருங்கல்

பிள்ளை பெறாத ஒருவரை அமர்த்தியபோது தளர்ந்தது, நண்பரே. ‘ஆமூனின் தெய்வ மனைவி’ என்ற பழைய பதவியை அரசர்கள் கையில் எடுத்தார்கள். அரசனின் மகள் மணம் செய்யாமல் தீப்ஸில் வாழ்வாள். தனக்குப் பின் அடுத்த அரசனின் மகளைச் சுவீகாரம் எடுப்பாள். சொத்தும் அதிகாரமும் அவளிடம். ஆனால் அவள் வழியாக இன்னொரு அரச மரபு முளைக்காது. மூன்றாம் ஒசோர்கோனின் மகள் முதலாம் ஷெபென்வெபெத், நூபிய மன்னர் கஷ்தாவின் மகள் முதலாம் அமெனிர்டிஸைச் சுவீகரித்தார். ஒரு நாட்டின் தென்பாதி ஏறக்குறைய வாளின்றிக் கைமாறியது.

நூபியருக்குப் பின் எகிப்தை ஆண்ட முதலாம் சாம்திக் அதே வழியைத் திருப்பிப் பயன்படுத்தினார். கி.மு. 656-இல், தம் 9-ஆம் ஆட்சியாண்டில், மகள் நிதோக்ரிஸைக் கப்பல்களோடு தெற்கே அனுப்பினார். 16 நாள் பயணம். கர்னாக்கில் கிடைத்த கல் அவள் பெற்ற சீதனத்தை வரி வரியாகச் சொல்கிறது. அசிரியர் தீப்ஸைச் சூறையாடியபோதும் தம் இடத்தை இழக்காத நகரத் தலைவர் மொந்துஎம்ஹாத் நாள்தோறும் 200 தெபென் ரொட்டியும், மாதந்தோறும் மூன்று எருதுகளும் ஐந்து வாத்துகளும் தர ஒப்புக்கொள்கிறார். அவர் மகனும் மனைவியும்கூடத் தனித்தனியே படியளக்கிறார்கள். மொந்துஎம்ஹாத் ஆமூனின் நான்காம் பூசாரி மட்டுமே. தலைமைப் பூசாரி என்ற பெயர் அப்போது யாருக்கும் அச்சம் தரவில்லை.

பதிவு 20
ஏட்டுச்சுவடி

தெய்வ மனைவி என்றதும் ஒரு பழைய தவறு நினைவுக்கு வருகிறது. முதலாம் பினெட்ஜெமின் மகள் மாத்கரே அந்தப் பதவியில் இருந்தவர். 1881-இல் அவர் சவப்பெட்டியில் ஒரு சிறு மம்மியும் இருந்ததால், மணமாகாத தெய்வ மனைவி மகப்பேற்றில் இறந்தார் என்று பல பத்தாண்டுகள் எழுதித் தள்ளினார்கள். 1960-களின் இறுதியில் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது அது அவர் வளர்த்த குரங்கு என்று தெரிந்தது.

பதிவு 21
மணல்மேடு

கருங்கல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கடைசித் தெய்வ மனைவி, இரண்டாம் சாம்திக்கின் மகள் அங்க்நெஸ்னெஃபெரிப்ரே. கி.மு. 525-இல் பாரசீகர் வந்ததோடு அந்தப் பதவி முடிந்தது. அவர் தெய்வ மனைவியாக மட்டுமன்றி ஆமூனின் தலைமைப் பூசாரியாகவும் பட்டம் பெற்றவர். ஹெரிஹோர் அரசப் பெயராகவே சூடிக்கொண்ட அதே பட்டம். அவருடைய கற்பேழை இப்போது லண்டனில் இருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு பமொந்து என்ற ஆடவர் ஒருவர் அதையும் தமதாக்கிக்கொண்டு, மூடியைச் சுற்றித் தம் பெயரை வெட்டிக்கொண்டார்.

பதிவு 22
கருங்கல்

இழையின் தலைப்பிலிருந்து ‘பூசாரிகள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு எதை வைப்பது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ‘தளபதிகள்’ என்றால் நெஸ்கோன்ஸுக்கு இடமில்லை. ‘குடும்பம்’ என்றால் பியே வெளியே நிற்கிறார். மட்டுறுத்துநரிடம் கேட்டு, இப்போதைக்குத் தலைப்பை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.